மிச்சத் தாள்

ஜன்னல் பக்கம் நீயே உக்காரும்மா. எனக்குக் காத்து அடிச்சா காது வலிக்கும். இந்தப் பையை மட்டும் கால்கிட்ட வச்சுக்கறேன். ஃபிளாஸ்க்குல கஞ்சி இருக்கு, சாஞ்சிடக் கூடாது.

வீட்டுக்காரருக்குத்தான். பாண்டிச்சேரியில ஆஸ்பத்திரியில இருக்காரு. தாடை உடைஞ்சு கம்பி போட்டிருக்காங்க, ஸ்ட்ரா வச்சு உறிஞ்சித்தான் குடிக்கணும். வலது கண்ணு போயிடுச்சு. இடது கண்ணுலயும் ஆபரேஷன் பண்ணிக் கட்டியிருக்கு. நாளைக்குக் கட்டை அவுக்கறாங்க. அதுலயாவது பார்வை இருக்கா இல்லையான்னு அப்பதான் சொல்லுவாங்களாம்.

ஆக்சிடெண்டா? இல்லம்மா. எங்க அண்ணன் அடிச்சுது.

ஏன் அப்படி முழிக்கறே? காரணம் இல்லாம அடிக்குமா? ஊருல எல்லாரும் அண்ணனைத்தான் குத்தம் சொல்றாங்க. நீ வெளியூருப் பொண்ணு, காலேஜ் படிக்கிற பொண்ணு. முழுசாக் கேட்டுட்டு நீயே சொல்லு. எங்கே இறங்கறே? கடலூரா? அப்ப நேரம் இருக்கு.

பிரான்சு ஜனாதிபதி தேர்தல்ல வந்த சண்டை அது. சிரிக்காதே. எல்லாரும் இப்படித்தான் சிரிக்கறாங்க. பிரான்சு எங்கே, காரைக்கால் எங்கேன்னு. எங்க அப்பா சொல்தா. அந்த ஊரு பட்டாளத்துல இருந்தவங்களை எங்க பக்கம் சொல்தான்னுதான் கூப்பிடுவோம். வீட்டுக்காரரு இன்னாசியும் சொல்தா, ஆப்பிரிக்காவுல ஜிபுத்தியில பட்டாள லாரி ஓட்டினவரு. பாஸ்போர்ட்டு அந்த ஊருது, மீன்கொழம்பு இந்த ஊருது. எங்களை மாதிரி நெறைய குடும்பம் இருக்கு. ஓட்டுச்சாவடியே எங்க ஊருல போடுவாங்க.

எங்க அண்ணன் லெயோன், அந்த ஊரு பழைய கட்சி ஒண்ணுக்குக் காரைக்கால் செயலாளரு. இருபது வருஷமா. பாரிசுலேருந்து கட்சிக்காரங்க யாரு வந்தாலும் எங்க அண்ணன் வீட்டுலதான் சாப்பாடு. எறா தொக்கு வச்சு அனுப்புவேன் நானு. அண்ணன் சொன்னா எங்காளுங்க கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுப் போடுவாங்க. அப்படி இருந்த கட்சி, இந்த வாட்டி மொதல் சுத்துலயே மண்ணைக் கவ்விடுச்சு. அங்கேயும் தோத்துச்சு, எங்க ஊருலயும் தோத்துச்சு. அண்ணன் ரெண்டு நாள் ஷேவ் பண்ணிக்கலை.

ரெண்டாவது சுத்துல ரெண்டே பேரு. ஒருத்தன் புதுக்கட்சிக்காரன், சின்னப் பையன். இன்னொருத்தன் இருக்கானே, அவன் பேரைக்கூட எங்க வீட்டுல சொல்ல மாட்டோம், அந்த ஆளுன்னுதான் சொல்லுவோம். அந்த ஆளு வந்தா வெளியிலேருந்து வந்தவங்களை எல்லாம் மூட்டை கட்டுன்னுடுவான். எங்க பையன் பாஸ்கல் அங்கேதான் ரயில்ல வேலை பாக்கறான். மருமக காரைக்கால் பொண்ணு, அவளுக்கு இன்னும் குடியுரிமை வரலை. வயித்துல புள்ளை வேற. "அம்மா, அந்த ஆளு வந்தா இவ கதி என்னம்மா"ன்னு பாஸ்கல் போன்ல அழுவறான். பெத்தவ வயிறு எப்படி இருக்கும்? நீயே சொல்லு.

சொல்தாக்கள் சங்கத்துல கூட்டம் போட்டாங்க. அண்ணன் எழுந்து, "கட்சி மானத்தை ஓரமா வைங்க, எல்லாரும் அந்தச் சின்னப் பையனுக்கே போடுங்க, அந்த ஆளு வரக்கூடாது"ன்னுச்சு. பர்த்தலோமே வாத்தியாருன்னு ஒருத்தரு, ரிட்டையரான பிரெஞ்சு வாத்தியாரு, ஒடனே எழுந்தாரு. "நேத்து வரைக்கும் அந்தப் பையனைத்தானே துரோகின்னு திட்டினே? கட்சியைக் கொன்னதே அவன்தான்னே? ரெண்டு பேருக்கும் வேண்டாம், நான் யாரு தாளையும் வைக்காம வெறுங்கவரைத்தான் போடுவேன்"ன்னாரு.

"வெறுங்கவர் போட்டா அந்த ஆளுக்குத்தான்யா லாபம்!"

"நீ எனக்குக் கணக்குச் சொல்லித் தர்றியா லெயோன்? ஒன்பதாவதுல உன்னை பாஸ் போட்டதே நானு."

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அதுதான் தப்பாப் போச்சு. அண்ணனைப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாது. இரும்பு நாற்காலியை மடக்கி வீசிச்சு பாரு, வாத்தியாரு மூஞ்சியில. மூக்கு சப்பையாப் போச்சு. டீ டம்ளர்ல பல்லு விழுந்து மெதக்குது. வாத்தியாரு பையனுங்க ரெண்டு பேரும் வந்து அண்ணன் மேல பாய, எங்காளுங்க அவனுங்க மேல பாய, சுவத்துல மாட்டியிருந்த படமெல்லாம் கீழே. அண்ணன் மேசை மேல ஏறி நின்னுக்கிட்டு, "எவனாவது இந்தக் கட்சியை விட்டு இன்னொரு கட்சிக்குப் போனீங்கன்னா கொடலை உருவிடுவேன்"னு கத்துது. வாயோரம் ரத்தம் ஒழுவுது, கையில கொடி. அப்பா அப்படியே எழுந்து வந்த மாதிரி இருந்துச்சு எனக்கு.

இதுல எங்க வீட்டுக்காரரு என்ன பண்ணாரு தெரியுமா? தரையில முட்டி போட்டு வாத்தியாரு கண்ணாடியைத் தேடிக்கிட்டிருக்காரு! உடைஞ்ச துண்டையெல்லாம் பொறுக்கி, கைக்குட்டையில முடிஞ்சு, வாத்தியாரு சட்டைப்பையில வைக்கறாரு. அத்தனை பேரும் பாக்கறாங்க. எனக்கு உடம்பு கூசிடுச்சும்மா. வெளியில வந்ததும் அண்ணன் என் காதுகிட்ட வந்து, "உன் புருஷன் எந்தப் பக்கம்?"னுச்சு.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "கண்ணாடி இல்லாம அந்த மனுஷன் எப்படி வீட்டுக்குப் போவாரு மர்கரி?"ங்கறாரு. இவருக்குக் கட்சியும் இல்லை, ரோஷமும் இல்லை. அன்னையிலேருந்து எனக்குள்ள ஒரு சந்தேகம். சந்தேகம்னு வந்துட்டா அப்புறம் எல்லாமே தெரியும்மா. சாயந்திரம் எங்க போறாரு, யாருக்குப் போன் பண்றாரு, வாத்தியாரு தெருப் பக்கம் ஏன் சைக்கிளைத் திருப்பறாரு, எல்லாம்.

ஓட்டு எப்படிப் போடுவீங்கன்னு கேக்கறியா? உங்களுது மாதிரி மெஷின் கெடையாது. மேசையில தாளு அடுக்கி வச்சிருப்பாங்க. ஒரு ஆளுக்கு ஒரு தாளு, பெரிய எழுத்துல பேரு போட்டு. ரெண்டு பேரு நின்னா ரெண்டு தாளையும் எடுத்துக்கணும். ஒண்ணை மட்டும் எடுத்தா யாருக்குப் போடறேன்னு தெரிஞ்சுடும்ல? ரெண்டையும் எடுத்துக்கிட்டு, ஒரு கவரையும் வாங்கிக்கிட்டுத் திரைக்குப் பின்னால போகணும். வேணுங்கற தாளைக் கவர்ல போட்டு, கண்ணாடிப் பெட்டியில போடணும். அங்கே ஒரு ஆளு "ஆ வொத்தே"ன்னு கத்துவாரு. ஓட்டுப் போட்டாச்சுன்னு அர்த்தம். கேக்கவே ஜோரா இருக்கும்.

மிச்சத் தாளா? திரைக்குப் பின்னால குப்பைக்கூடை இருக்கும், அதுல போட்டுட்டு வருவாங்க. ஆனா எங்க அண்ணன் அந்த வாட்டி கண்டிஷனாச் சொல்லிடுச்சு. "ஒரு தாளுகூடக் கூடையில விழக்கூடாது. வாத்தியாரு ஆளுங்க கூடையைக் கிளறி எண்ணி, நம்ம பலத்தைத் தெரிஞ்சுக்குவானுங்க. எல்லாரும் மிச்சத் தாளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் எரிச்சுடுங்க." மூளை பாத்தியா அண்ணனுக்கு? பாரிசுல இருக்க வேண்டிய ஆளு.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போனோம். நான் போட்டேன், அப்புறம் அவரு போட்டாரு. வெளியில வர்றப்ப நல்ல காத்து. என் கையில இருந்த தாளு படபடன்னு அடிக்குது. "பையில வை மர்கரி, பறந்து போய் உங்கண்ணன் மூஞ்சியில ஒட்டிக்கப் போவுது"ன்னு சிரிச்சாரு. பாத்தியா, எங்க அண்ணன்னா அவ்வளவு இளக்காரம். நாலா மடிச்சுப் பையில திணிச்சுக்கிட்டு வெடுக்குனு நடந்துட்டேன்.

சாயந்திரம் பெட்டியை அங்கேயே தெறந்து எண்ணினாங்க. அந்தச் சின்னப் பையனுக்குத்தான் குவிஞ்சுது. ஆனா அந்த ஆளுக்கு ஏழு ஓட்டு விழுந்திருக்கு. ஏழு! காரைக்கால்ல ஒண்ணுகூட விழாதுன்னு அண்ணன் பாரிசுக்குப் போன் போட்டு சத்தியம் பண்ணியிருந்துச்சு. நம்ம தோலு, நம்ம ரத்தம், நம்மளை வெரட்டறேங்கறவனுக்கே ஓட்டா? அண்ணன் போன்ல பல்லைக் கடிக்கற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. "நம்ம வீடுகள்லேருந்துதான் போயிருக்கு தங்கச்சி. கண்ணைத் தெறந்து வச்சுக்க. எவன்னு தெரிஞ்சா அவனுக்கு இனிமே கண்ணு இருக்காது"ன்னுச்சு.

மறுநாள் மே எட்டு. அந்தக் காலத்துல உலக யுத்தம் முடிஞ்ச நாளு. சொல்தாக்கள் எல்லாரும் மெடல் குத்திக்கிட்டு நினைவுத்தூணுக்குப் போய் மாலை வைப்பாங்க. சங்கத்துக் கொடியைத் தூக்கறது எங்க வீட்டுக்காரருதான். பத்துப் பதினஞ்சு வருஷமா அவருதான். கொடிக்கம்பம் எங்க வீட்டுலதான் இருக்கும். மேல பித்தளையில ஈட்டி மொனை மாதிரி இருக்கும், வருஷா வருஷம் புளி போட்டுத் தேச்சு அதுல மூஞ்சி பாப்பாரு. அன்னிக்கும் காலையில கூடத்துல உக்காந்து அதைத்தான் தேச்சுக்கிட்டிருந்தாரு. வாய்க்குள்ள ஏதோ பாட்டு.

நான் பின்னால துணி ஊற வச்சேன். ஞாயித்துக்கிழமை அவரு போட்டிருந்த வெள்ளைச் சட்டை. பையில கை விட்டேன். தாளு. நாலா மடிச்சிருந்துச்சு. பிரிச்சேன். அந்த ஆளு பேரு.

எனக்குக் கண்ணு முன்னால பாஸ்கல் மூஞ்சி வந்துச்சு, மருமக வயிறு வந்துச்சு. பெத்த புள்ளையை வெரட்ட ஓட்டுப் போட்டுட்டு வந்து உக்காந்து பித்தளை தேய்க்கறாரே இந்த மனுஷன்! அவருகிட்ட ஒண்ணும் கேக்கலை. கேட்டா என்ன சொல்லுவாரு? இல்லைன்னுதான் சொல்லுவாரு. அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, கெடச்சுடுச்சு. எங்க வீட்டுலதான்"னேன். அவ்வளவுதான் சொன்னேன். பாத்ததைச் சொன்னேன். அது ஒரு குத்தமா?

அண்ணன் கோட்டு, மெடல் எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் வந்துச்சு. "வாங்க மச்சான், காப்பி சாப்பிடறீங்களா?"ன்னாரு இவரு, புளிக் கையோட. அண்ணன் என்னைப் பாத்துச்சு. நான் தாளை விரிச்சுக் காட்டினேன். கதவைச் சாத்தினேன். அக்கம்பக்கம் கேக்கக் கூடாதுல்ல? டீவியையும் வச்சேன், அந்தச் சின்னப் பையன் ஜெயிச்சதுக்குப் பாரிசுல கொண்டாட்டம் காட்டிக்கிட்டிருந்தான்.

மொதல் குத்து வாயில. கடக்குன்னு சத்தம். அவரு ஏதோ சொல்ல வந்தாரு, வாயிலேருந்து ரத்தம்தான் வந்துச்சு, பேச்சு வரலை. தாடை ஒரு பக்கமாத் தொங்குது. அண்ணன் கொடிக்கம்பத்தைப் பிடுங்கிச்சு. முதுகுல, தோள்ல, முட்டியில. "புள்ளையையே விக்கறியாடா? பெத்த புள்ளையை விக்கறியாடா?" ஒவ்வொரு அடிக்கும் அதையே கேக்குது. நானும் அடிச்சேன். பொய் சொல்ல மாட்டேன், செருப்பால அடிச்சேன். பாஸ்கலுக்காக அடிச்சேன்.

அவரு தரையில கெடந்துக்கிட்டு ஒரு கையைத் தூக்கி சுவத்தைக் காட்டறாரு. ஆணியில என் ஹேண்ட்பேக் மாட்டியிருந்துச்சு. இதோ, இதேதான். அதைக் காட்டறாரு, என்னைக் காட்டறாரு, மறுபடி அதைக் காட்டறாரு. பாங்கு கார்டு அதுல இருக்கு, எடுத்துக்கிட்டு ஓடிடலாம்னு பாக்கறாருன்னு நெனச்சேன். "கையை எறக்குடா"ன்னு அண்ணன் அந்தக் கையிலயே ஓங்கிப் போட்டுச்சு. விரல் மடங்கிடுச்சு. அப்பவும் மடங்கின விரலாலயே காட்டறாரு. அப்பதான் அண்ணன் கம்பத்தைத் திருப்பிச்சு. பித்தளை மொனை.

அவரு தேச்ச மொனைதான். பளபளன்னு இருந்துச்சு.

அழுவறியா? நீ எதுக்கும்மா அழுவறே? இந்தா, முந்தானையில தொடைச்சுக்க.

அண்ணன் கொல்லையில குழாயில மொனையைக் கழுவிச்சு. கையைக் கழுவிச்சு. கோட்டை நான் ஈரத்துணியால தொடைச்சு விட்டேன். கொடி தூக்க ஆள் இல்லைன்னு அண்ணனே தூக்கிட்டுப் போயிடுச்சு. போட்டோ வந்துச்சு போன்ல. எவ்வளவு நேரா நிக்குது தெரியுமா! ஒரு பக்கம் சாயலை. நான் வீட்டுல அவரு கண்ணுல துணியை வச்சு அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன். மாலை வச்சு முடிச்சு எல்லாரும் கலைஞ்சப்பறம்தான் ஆட்டோ கூப்பிட்டேன். நடுவுல கூப்பிட்டிருந்தா தெருவே வேடிக்கை பாத்திருக்கும். டாக்டர், மீசை மொளைக்காத பயல், "ஏம்மா இவ்வளவு லேட்டு, மொதல்லயே கொண்டாந்திருந்தா கண்ணைக் காப்பாத்தியிருக்கலாமே"ங்கறான். அவனுக்கு என்ன தெரியும், சங்கத்து மானம்?

இப்ப பிரச்சினை அது இல்லை. இவரை அண்ணன்தான் அடிச்சுதுன்னு வாத்தியாரு போலீசுல எழுதிக் குடுத்துட்டாரு. மூக்குல பிளாஸ்திரியோட போய். நாளைக்குக் கட்டு அவுத்ததும் இன்ஸ்பெக்டர் வந்து இவருகிட்ட வாக்குமூலம் வாங்கப் போறாரு. பேச முடியலைன்னாலும் இடது கையால எழுதறாரு, அதுவே போதுமாம். அண்ணன் பேரை எழுதிட்டாருன்னா முடிஞ்சுது. அண்ணன் இப்ப ஒரு தேர்தல்ல நிக்குது, இங்கே இருக்கற பிரான்சுக்காரங்களுக்குப் பிரதிநிதி. எந்தக் கட்சியா? அந்தச் சின்னப் பையன் கட்சிதான். போன வாரம் சேந்துடுச்சு. பழைய கட்சியில என்ன இருக்கு, சொல்லு? கூட்டத்துல சொன்னது அப்ப. அரசியல்னா அப்படித்தான் இருக்கும், உனக்கு வயசாகலை.

அதான் நான் இன்னைக்கே போறேன். கட்டு அவுத்ததும் டாக்டர் மூஞ்சியையோ நர்சு மூஞ்சியையோ அவரு பாக்கக் கூடாது. மொதல்ல இந்தத் தாளைத்தான் பாக்கணும். கண்ணுக்கு முன்னாடி பிடிக்கப் போறேன். "கொடிக்கம்பம் சரிஞ்சு விழுந்துச்சுன்னு எழுதறியா, இல்லை இதை பாஸ்கலுக்கு அனுப்பட்டுமா? உங்கப்பன் யாருக்கு ஓட்டுப் போட்டான் பாருன்னு சொல்லட்டுமா?" அவ்வளவுதான் கேப்பேன். பாஸ்கல்னா அவருக்கு உசுரு. எழுதிடுவாரு.

இரு, காட்டறேன். ஜிப்புக்குள்ள பத்திரமா வச்சிருக்கேன். இதோ. அந்த ஆளு பேரு. எவ்வளவு பெரிய எழுத்து பாரு.

என்ன கேட்டே? பஸ்ஸு சத்தத்துல கேக்கலை.

என் தாளா? என் மிச்சத் தாளு எங்கேன்னா? எரிச்சிருப்பேன். அண்ணன்தான் எரிக்கச் சொல்லியிருந்துச்சே. இல்லை, அன்னைக்குச் சாயந்திரம் அண்ணன் போன் வந்துச்சு, அப்புறம் பாஸ்கல் போனு. மறுநாள் காலையில இது. எரிக்கலை. அப்பலேருந்து அடுப்பே சரியாப் பத்த வைக்கலை. இந்தப் பையிலதான் திணிச்சேன், காத்துல பறக்குதுன்னு. முன்பக்கத்துல. பஸ் டிக்கெட்டு, மருந்துச் சீட்டு, செபமாலை, இருக்கற குப்பையெல்லாம் இதுலதான்.

இதோ, ஏதோ இருக்கு. நாலா மடிச்சு. பிரி, நீயே பிரி. எனக்கு இந்த வெளிச்சத்துல சரியாத் தெரியலை.

அந்த ஆளு பேருதான் இருக்கும். நான்தான் சின்னப் பையன் தாளைக் கவர்ல போட்டுட்டேனே, மிச்சம் அந்த ஆளு தாளுதானே கையில...

கடலூர் வந்துடுச்சா? ஏம்மா, எழுந்திரிக்காதே. ஒரு நிமிஷம் இரு. கண்டக்டர்கிட்ட நான் சொல்றேன், நிறுத்துவாரு. மடியிலேருந்து அதை எடுக்காதே. ரெண்டையும் அங்கேயே வை. ஒரே மாதிரி மடிச்சிருக்கு பாரு, அவருதான் அப்படி மடிக்கச் சொல்லிக் குடுத்தாரு. கலந்துடுச்சே. நீ படிச்ச பொண்ணுல்ல? உன் கண்ணு நல்லா இருக்கு. பாத்துச் சொல்லேன், இதுல எது அவரோடது, எது என்னோடது?